பெண்டாட்டிக்கு ஒரு போன்ழூர்

இந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் காலையில் எழுந்ததும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவர்கள்தான். இருந்தாலும் ரயிலில் வந்து இறங்கிய விருந்தாளியைக் கண்டது போல அவர் "போன்ழூர், மதாம்" என்கிறார். அந்த அம்மாள் "போன்ழூர், மிசே" என்கிறார். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்களைத்தான் சொல்கிறேன். அவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர், அந்த அம்மாளும் தமிழச்சி. முன்கட்டு அவர்களுக்கு, பின்கட்டு எங்களுக்கு, நடுவில் பொது முற்றம். முதல் நாள் அந்த வணக்கத்தைக் கேட்டு நானும் என் மனைவி கோமதியும் அடுப்படிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அப்போது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

திருநெல்வேலியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் விநோதமாக இருக்கும். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கியதும் இங்குள்ள ஆபீஸ்களுக்கு மாற்றலாகி வந்த என்னைப் போன்றவர்களுக்குப் பழகியிருக்கும். நம் பக்கத்தில் பெண்டாட்டியை எழுப்ப 'ஏளா' என்ற ஒன்று போதும். அதற்கு மேல் பேச வேண்டுமானால் சண்டை இருக்கிறது. நானும் கோமதியும் நன்றாகவே சண்டை போடுவோம். அவியலில் உப்பு, அவளுடைய அண்ணன், என்னுடைய புத்தகங்கள் அடைத்துக்கொள்ளும் இடம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தச் சத்தம்தான் வீட்டை வீடாக வைத்திருந்தது. இங்கே வந்த பிறகு அதற்கு வசதி கூடிப்போயிற்று. நடுப்பகலில் ஆபீஸை இழுத்துப் பூட்டுகிறார்கள். ஊரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, வெயில் தாழ்ந்து திரும்புகிறது. எனக்குப் பகல் தூக்கம் வராது. ஆகவே முன்பு மாலையில் மட்டும் நடந்துவந்த சண்டை இப்போது இரண்டு வேளையும் நடந்தது. எனக்கு ரத்தக் கொதிப்பும் வந்தது.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், மருந்தோடு இரண்டு காரியங்கள் சொன்னார். விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார வேண்டும். அன்றன்றைய மனநிலையை நாட்குறிப்பில் எழுத வேண்டும். "உங்களை நீங்கள் புரிந்துகொண்டால் வீட்டில் அமைதி வரும்" என்றார். எனக்கும் ஆசைதான். பேர்பெற்ற ஆசிரமம் இருக்கிற இந்த ஊருக்கு வந்தவன் தியானம் பழகவில்லை என்றால் கடற்கரைக்குப் போய்க் கால் நனைக்காமல் திரும்பியது போல அல்லவா? படித்தவன் வேறு. தன்னை அறிவது பற்றி வீட்டில் ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தேன். ஆள் மட்டும் கையில் அகப்படவில்லை. அவனைப் பிடித்துவிடுவது என்று முற்றத்தில் பாயைப் போட்டேன்.

முதலில் கோபித்துக்கொண்டவர் வீட்டுக்கார அம்மாள். எதிர்ப்படுகிறவர் சொல்லும் போன்ழூருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது இங்கே முகத்தில் அடிப்பது போல. நான் தினமும் கண்ணை மூடிக்கொண்டு அவரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாள் முற்றத்துக் குழாயடியில் அவர் கோமதியைப் பிடித்துக்கொண்டது, பாயில் இருந்த என் காதில் விழுந்தது.

"இன்னாம்மா, ஒங்க மிசேவுக்கு எம்மேல இன்னா கோவம்? டெய்லி போன்ழூர் சொல்றேன், கண்ணக்கூடத் தொறக்க மாட்டேன்றாரே."

"கோவமெல்லாம் இல்ல மதாம். அவிய கண்ண மூடித் தன்னைத்தானே பாத்துக்கிட்டிருக்காவ."

"அவ்ளோ நேரம் பாக்கறதுக்கு அங்க இன்னாம்மா இருக்குது?"

கோமதி சிரித்தாள். என்னிடம் சிரித்து நாளாகியிருந்தது. அன்றைய நாட்குறிப்பில், 'ஏளனம் காதில் விழுந்தும் மனம் சலனமடையவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

முன்னேற்றம் அமோகமாக இருந்தது. உப்பு கூடினால் கோபம் வரவில்லை. அவளுடைய அண்ணன் பேச்சு வந்தால் மூச்சைக் கவனித்தேன். நடுப்பகலில் இருவரும் சாப்பிட்டோம். கரண்டி இலையில் படும் ஓசை கேட்டது. இந்த அமைதியைத்தான் டாக்டர் சொன்னார் என்று நம்பி, ஒரு பகலில் பெருமையோடு நாட்குறிப்பை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"செவ்வாக்கெழம கோவப்படலன்னு எழுதியிருக்கியளே. அன்னைக்கி நீங்க வாயே தொறக்கலயே."

"அதைத்தானே அடக்கம்னு சொல்லுதேன்."

"கோவம் வந்தா என்னையப் பாத்துதான வைவிய. இப்ப அந்தப் பார்வையும் இல்ல." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "நான் யாருகிட்டப் பேசுவேன்?"

பதில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சத்தமாவது போட்டிருக்க வேண்டும். நான் மூச்சைக் கவனித்தேன்.

சில வாரங்களில் திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில் விசேஷம் என்று கிளம்பினாள். விசேஷத்துக்குப் போகிறவள் பித்தளைக் காப்பி பில்டரை எதற்கு எடுத்துக்கொள்கிறாள் என்று கேட்டிருக்கலாம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊர் எல்லையில் பெட்டியைத் திறந்து, என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்பார்களாம். இப்போது கேட்க யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அவள் திரும்பவில்லை. அண்ணன் மட்டும் எழுதினார்: 'சௌக்கியம். அவசரமில்லை.'

லீவு போட்டுக்கொண்டு கூட்டிவரப் போனேன். ரயில் முழுக்க ஒத்திகை பார்த்தேன். அவளைப் பார்த்ததும் முதல் வார்த்தையாகக் காலை வணக்கம் சொல்லிவிடுவது. அது ஒன்றை மட்டும் இந்த ஊர் எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில், இடுப்பில் குடத்தோடு அவள் கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். கூடத்தில் அண்ணன், அண்ணி, இரண்டு சொந்தக்காரர்கள். போன்ழூர் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் கூடத்தில் அதைச் சொன்னால் மாப்பிள்ளைக்கு மண்டை கலங்கிவிட்டது என்பார்கள். தமிழில் சொல்லலாமென்றால் வணக்கம் இருக்கிறது. அதைக் கூட்டத் தலைவருக்குச் சொல்வார்கள், கட்டிய பெண்டாட்டிக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவள் குடத்தை இறக்காமல் நின்றாள். நின்று, பார்த்தாள்.

"ஏளா, காப்பி இருக்கா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். கொண்டுவந்து வைத்தாள். எங்கள் பில்டரில் இறங்கிய காப்பிதான். "குடிச்சிட்டுக் கெளம்புங்க. ரயிலுக்கு நேரமாயிரும்."

இப்போதும் முற்றத்தில் பாய் போடுகிறேன். ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டதாக டாக்டருக்கு மகிழ்ச்சி. நாட்குறிப்பை நிறுத்திவிட்டேன், கோபப்பட ஆளில்லாத வீட்டில் கோபம் வரவில்லை என்று எழுதுவதில் என்ன சாமர்த்தியம்? முன்கட்டில் அவர்கள் இருவரும் போன்ழூர் சொல்லிக்கொள்வது கேட்கும். பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்புவார். கண்ணைத் திறந்து நானும் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்புக்கூடத் தேறிவிட்டது என்கிறார். அப்புறம் அடுப்படிக்குப் போகிறேன். அலமாரித் தட்டில் காப்பி பில்டர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கிறது. அதன் முன்னால் நின்று, அவளிடம் சொல்ல வராத அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்கிறேன். இங்கே அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.