தேர்வு ஹால் வாசலில் நாற்பது பட்டு இழைகள்

1. பதிவறை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்தொன்பது. கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் கிடைத்த இளநிலை உதவியாளர் வேலை. காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகம். முதல் நாளே பதிவறையில் உட்கார வைத்தார்கள். பதினான்கு அலமாரிகள், துணியில் கட்டிய கோப்பு மூட்டைகள், சுற்றுவதாகச் சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி.

ஆறு மாதத்தில், எந்தக் கோப்பைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

உதவியாளராகப் பதவி உயர்வு வேண்டுமென்றால் ஒரு துறைத் தேர்வில் தேறவேண்டும். விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதுவது ஒரு பரீட்சையா என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: புத்தகம் செங்கல் கனம், கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தேட ஆரம்பித்தவர்கள் மணி அடிக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

2. பத்துத் தடவை

முதல் முறை தோற்றதும் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லாம்மா, நீங்க எப்படிப் படிக்கறீங்க?"

"படிக்கறேன் சார். வாசிச்சிக்கினே இருக்கேன்."

"அதான் தப்பு. எழுதணும். ஒவ்வொரு விதியும் பத்துத் தடவை. நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்."

அவர் எத்தனையாவது முறையில் பாஸ் பண்ணினார் என்று நான் கேட்கவில்லை. மூன்று நோட்டு வாங்கி எழுதினேன். விடுப்பு விதிகள், பயணப்படி, பணியேற்பிடைக் காலம் எல்லாம் பத்துப் பத்துத் தடவை. நான்காவது தடவைக்கு மேல் கை தானாக எழுதியது. நான் மறுநாள் குழம்புக்கு என்ன காய் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் முறையும் தோற்றேன். கையெழுத்து மட்டும் நன்றாகத் திருந்தியிருந்தது. கண்காணிப்பாளர் அதைப் பாராட்டினார்.

3. நான் எந்த வகை

கார்த்திக் எனக்கு நான்கு வருடம் கழித்துச் சேர்ந்தவர். கோப்பு நடைமுறையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் முதல் முறையிலேயே தேறிவிட்டார். அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது என் பெயருக்கு எதிரே தேர்ச்சி என்று இல்லையென்றால், அவர் உதவியாளர் ஆவார். நான் அவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுப்பேன். அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. ஆனாலும் அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவரும் சங்கடப்பட்டார் போலிருக்கிறது. ஒருநாள் செல்போனை நீட்டினார்.

"அக்கா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு லேர்னிங் ஸ்டைல் இருக்குது. பார்த்துக் கத்துக்கறவங்க, கேட்டுக் கத்துக்கறவங்க, செஞ்சு கத்துக்கறவங்க. இதுல பதினஞ்சு கேள்வி. பதில் சொன்னீங்கன்னா நீங்க எந்த வகைன்னு சொல்லிடும்."

பாட்டுக் கேட்கப் பிடிக்குமா என்று கேட்டது. பிடிக்கும் என்றேன். சர்ச்சில் பிரசங்கம் கேட்கும்போது கண்ணை மூடுவீர்களா என்ற மாதிரி ஒன்று கேட்டது. மூடுவேன் என்றேன், தூக்கத்தில் என்று சொல்ல அதில் இடமில்லை. முடிவில், நான் கேட்டுக் கற்பவள் என்று வந்தது. நாற்பத்தைந்து வயதில் என்னைப் பற்றி ஒரு செய்தி.

விதிகளை என் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் ஓடவிட்டேன். மூன்று மாதம். காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஈட்டிய விடுப்பு விதி முழுதும் மனப்பாடம் ஆகிவிட்டது. தேர்வு எழுதியது நான். மூன்றாம் முறையும் தோற்றேன்.

4. சரோஜா கேட்டது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீடு சரோஜாவுடையது. புருஷன் தறியில் இருப்பார், இவள் ராட்டையில் தார் சுற்றுவாள், தறி நாடாவுக்குள் போகும் சின்னக் குச்சியில் நூல் ஏற்றும் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நான் புத்தகத்தோடு அவள் வீட்டில் உட்காருவது வழக்கம். என் வீட்டில் டிவி சத்தம்.

புத்தகத்தில் பேனாவோ பென்சிலோ படக்கூடாது, துண்டுச்சீட்டு வைக்கக்கூடாது என்பது தேர்வு விதி. அவள் காலடியில் கழிவு நூல் குவிந்திருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், மயில் கழுத்து நீலம். நூல் எழுத்தும் இல்லை, சீட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. விடுப்புக்குச் சிவப்பு, பயணப்படிக்குப் பச்சை, தற்காலிகப் பணி நீக்கத்துக்கு மஞ்சள் என்று பக்கத்துக்கு ஓர் இழையாக வைத்துக்கொண்டே போனேன். முனை வெளியே தொங்கும்.

நூறைத் தாண்டியதும் சரோஜா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? எல்லாப் பக்கத்துக்கும் வெச்சீன்னா எதுக்கு வெக்கிற?"

அது நியாயம். நாற்பதுக்கு மேல் கிடையாது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் கஷ்டம். ஒரு புது இழை வைக்கவேண்டுமென்றால் பழையது ஒன்றை எடுக்கவேண்டும். எதை எடுப்பது? இரண்டு பக்கத்தையும் படித்து, கேள்வி எதிலிருந்து வரும் என்று யோசிக்கவேண்டும். அப்படி ஒரு மாதம் வைத்து வைத்து எடுத்தேன்.

சரோஜாவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. தார் மாற்றும்போதெல்லாம் ஏதாவது ஒரு முனையைப் பிடிப்பாள்.

"இந்த மஞ்சள் இன்னா சொல்லுது?"

"சஸ்பெண்டுல இருக்கறவங்களுக்குப் பிழைப்பூதியம்."

"அதுக்குப் பக்கத்து மஞ்சள்?"

தெரியாமல் விழிப்பேன். "ஆபீசரம்மா ஃபெயிலு," என்று ராட்டையைச் சுற்றுவாள். நான் சொன்னது சரியா என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் திறந்து பார்த்து, என் தப்பை நானே ஒத்துக்கொள்ளவேண்டும்.

5. ஹால் வாசல்

நான்காவது முறை. பட்டியல் தயாராவதற்கு முன் அதுதான் கடைசித் தேர்வு. வாசலில் அறைக் கண்காணிப்பாளர் என் புத்தகத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"இது புக்காம்மா, குஞ்சமா?"

"புக்குதான் சார். எதுவும் எழுதல."

"ஸ்லிப் வெக்கக்கூடாதுன்னு இருக்குது இல்ல?"

"ஸ்லிப் இல்ல சார். நூலு."

"கலர் கலரா இருக்குதே. ஒவ்வொரு கலருக்கும் ஒரு அர்த்தம் இருக்குதா, இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "இருக்குது சார்."

"அப்ப அது நோட்ஸ். எல்லாத்தையும் எடுத்துட்டு உள்ள போங்க."

விதி அவர் பக்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று வாதாட நேரமில்லை. வராந்தா சுவரில் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒவ்வோர் இழையும் வரும்போது, அது எந்த விதி என்று வாய் தானாகச் சொன்னது. மகப்பேறு விடுப்பு. பயணத்தில் தினப்படி. பிழைப்பூதியம்.

"இன்னாம்மா முணுமுணுக்கறீங்க, ஜெபமா?" என்றார்.

"ஆமா சார்," என்றேன். அன்று சொன்ன ஒரே பொய்.

நாற்பதும் வந்தன. ஒன்றுகூடத் தெரியாமல் வரவில்லை. இழைகளை ஹால் டிக்கெட் கவரில் போட்டு, அதைப் பையில் வைத்து, பையை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். புத்தகத்தை நான்கு முறைதான் திறந்தேன். அந்த நான்கு முறையும் கை சரியான இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது, அலமாரியில் மூட்டை எடுப்பதுபோல. பக்கத்து மேசைக்காரர் தான் கொண்டுவந்த ஆறு விதிப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

6. பிறகு

தேறிவிட்டேன். பட்டியலில் என் பெயர் கார்த்திக் பெயருக்கு மேலே வந்தது. கண்காணிப்பாளர் எல்லோரிடமும், "அன்னைக்குப் பத்துத் தடவை எழுத வெச்சேன் இல்ல, அதான் வேலை செஞ்சிருக்குது," என்றார். கார்த்திக், "அக்கா, நீங்க செஞ்சு கத்துக்கற வகை. அந்த ஆப் தப்பா சொல்லிடுச்சு," என்றார். சரோஜா, "எந்த மஞ்சள் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் எந்த வகை என்பது எனக்கு இன்னும் தெரியாது. புத்தகத்தை வாசித்தபோதும், எழுதியபோதும், கேட்டபோதும் நான் சும்மா இருந்தேன். எது முக்கியம் என்று நானே முடிவு செய்து, அது தப்பென்று நானே கண்டுபிடித்தபோதுதான் படிப்பு ஏறியது. இவ்வளவுதான் நான் கற்றது. பதிவறையில் ஆறு மாதத்தில் தெரிந்ததைப் புத்தகத்தில் தெரிந்துகொள்ள மூன்று தோல்வி ஆயிற்று.

இப்போது நானே கண்காணிப்பாளர். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த நாற்பது இழைகளைக் கேட்டு வருகிறார்கள். ஆரம்பத்தில் எந்தப் பக்கத்துக்கு எந்த நிறம் என்று பட்டியலும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப்போன இரண்டு பேரும் தோற்றார்கள். அவர்கள் புத்தகத்தில் அது வெறும் குஞ்சம்.

இப்போது கொடுப்பதில்லை. போன மாதம் வந்த ஒரு பெண், இழைகளைக் கேட்கவில்லை. கழிவு நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். சரோஜா வீட்டுக்கு வழி சொன்னேன்.