மேனேஜரின் கழுத்தும் மாஸ்டரின் துண்டும்

முடிதிருத்தும் கடை மாஸ்டருக்குத் தன் தொழிலைப் பற்றித் தனிக் கருத்து ஒன்று உண்டு. முடி வெட்ட யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். வெட்டிய பிறகு கழுத்து அரிக்காமல் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறவன்தான் தொழில்காரன் என்பார். வெட்டு கோணலாகப் போனால் கொஞ்ச நாளில் வளர்ந்து மறைந்துவிடும். கழுத்து அரித்தால் அடுத்த தடவை ஆள் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பார்.

எதிர்க்கடையில் ஏசி இருந்தது, கழுத்தில் சுற்றிவிட்டுத் தூக்கியெறியும் காகிதப் பட்டை இருந்தது. மாஸ்டரிடம் இரண்டு நாற்காலி, ஒரு ஃபேன், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துண்டுகள். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டின் பின்கட்டில் அவருடைய உண்மையான கூட்டாளி: மேலே மூடி வைத்த பழைய வாஷிங் மெஷின்.

அந்தக் கூட்டாளிக்கு நாகரிகம் கிடையாது. திருகியில் பாதி எழுத்து அழிந்திருந்தது. பிழியும்போது பேய் பிடித்ததுபோல் ஆடும். ஆனால் கழுத்தளவு தண்ணீர் பிடிக்கும். நடுவில் மூடியைத் திறந்தால் நின்று மரியாதை கொடுக்கும். துண்டுகளிலிருந்து விடுபட்ட முடி நுரையோடு மேலே மிதக்கும். மாஸ்டர் ஒரு டீ வடிகட்டியால் அதைப் பால் ஆடை எடுப்பதுபோல் வழித்து எடுப்பார். தொழில் ரகசியம் என்று அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் மெஷின் ஆட்டத்தோடு ஆட்டமாக இரண்டடி நடந்துபோய்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டது. வீடு முழுக்கத் தண்ணீர். மனைவி ஏற்கெனவே ஒரு முடிவில் இருந்தாள். தண்ணீர் அவளுக்குக் காரணத்தைக் கொடுத்தது. பழசு காய்கறிக் கடை வைத்திருந்த அவள் தம்பி வீட்டுக்குப் போனது. கண்ணாடிக் கதவு வைத்த புதுசு வந்தது.

"தண்ணி மிச்சம், கரண்ட் மிச்சம். அதுவே துணிய எடை போட்டுப் பாத்து எவ்வளவு தண்ணி வேணும்னு முடிவு பண்ணும்," என்றாள்.

"நம்மளக் கேக்காதா?"

"உங்களக் கேட்டு எந்த வேலை உருப்பட்டிருக்கு?"

புது மெஷின் கதவைப் பூட்டிக்கொண்டு, இரண்டு குடம் பிடிக்கிற இடத்தில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டது. மாஸ்டர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்தார். துண்டுகள் லேசாக நனைந்து, எழுவதும் விழுவதுமாக இருந்தன. குளிக்கச் சொன்னால் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சினிமா ஓடுகிற நேரம் ஓடி, முடிவில் அது ஒரு பாட்டும் பாடியது. துண்டை வெளியே எடுத்து உதறினார். முடி அப்படியே இருந்தது, முன்பைவிட ஒழுங்காகப் பரவி.

ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை ஓட்டினார். மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் இப்படித் தவணை முறையில் செலவானது.

பாதிப்பு முதலில் தெரிந்தது பேங்க் மேனேஜரின் கழுத்தில். தெருமுனை பேங்கில் அவர் எந்தக் கடையில் தலையைக் கொடுக்கிறாரோ அங்கேதான் காசாளர் முதல் காவலாளி வரை கொடுப்பார்கள். அது உத்தரவல்ல, ஆனால் உத்தரவைவிட ஒழுங்காக நடந்து வந்தது. ஆக, மேனேஜர் ஒருவர் போனால் ஒரு பேங்கே போகும்.

"மாஸ்டர், போன தடவை வெட்டிட்டுப் போய் மீட்டிங்ல உக்காந்தேன். ரெண்டு மணி நேரம் பேனாவால கழுத்தச் சொறிஞ்சுட்டே இருந்திருக்கேன். சட்டை காலரெல்லாம் மை. பெரிய ஆபீசர் என்னையே பாக்குறார்."

"புது மெஷின் சார். பழக கொஞ்ச நாள் ஆகும்."

"நானும் பழகணுமா? சனிக்கிழமை வரேன். அன்னைக்கும் அரிச்சா என்னைத் தப்பா நினைக்காதீங்க." அவர் கண் எதிர்க்கடைப் பக்கம் போய்விட்டு வந்தது.

மாஸ்டர் அன்றே கம்பெனிக்கு போன் போட்டார். மெக்கானிக் வந்து மெஷினின் அடிப்பக்கத்து வடிகட்டியைத் திருகி வெளியே இழுத்தான். கூடவே கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று வந்து தரையில் விழுந்தது. மெக்கானிக் துள்ளி எழுந்தான்.

"என்ன சார் இது, எலியா?"

"இல்லப்பா. பாதி மேனேஜர், பாதி போஸ்ட்மாஸ்டர்."

சுத்தம் செய்து மாட்டிவிட்டு, மெஷினில் ஒரு குறையும் இல்லை, துணியில்தான் குறை என்று தீர்ப்பு சொன்னான்.

"தண்ணிய மட்டும் கொஞ்சம் கூட்டி விடேன்."

"கூட்ட முடியாது சார். எடைக்குத் தகுந்த மாதிரி அதுவே எடுத்துக்கும்."

அந்த வார்த்தை மாஸ்டர் மனதில் விழுந்து முளைத்தது. எடைதானே கேட்கிறது? கொடுத்துவிட்டால் போயிற்று.

சனிக்கிழமை காலை, மேனேஜர் வருவதற்கு முன், கடையில் இருந்த துண்டு அத்தனையையும் வாளியில் ஊறப்போட்டார். சொட்டச் சொட்ட மெஷினுக்குள் திணித்தார். அது எடை போட்டது, நம்பியது, கண்ணாடியில் பாதி உயரம்வரை தண்ணீர் பிடித்தது. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. தண்ணீரில் முடி பிரிந்து பிரிந்து மிதந்தது. டீ வடிகட்டியோடு கை தானாக நீண்டது, கதவு பூட்டியிருந்தது.

திட்டம் தோற்கவில்லை. அளவுக்கு மீறி ஜெயித்துவிட்டது, அதுதான் வினை. இத்தனை நாள் துண்டுகளில் குடியிருந்த முடியெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப்போய் அடிப்பக்கத்தை அடைத்துக்கொண்டது. மெஷின் ஒரு தடவை உறுமியது, யோசித்தது, நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே தண்ணீர், அதனால் கதவு திறக்காது. துண்டுகள் அத்தனையும் கண்ணாடிக்குப் பின்னால், ஜெயிலில் அடைபட்ட சொந்தக்காரர்களைப்போல் அவரையே பார்த்தன.

"மாஸ்டர்!" கடையில் மேனேஜரின் குரல்.

மாஸ்டர் வீட்டுக்குள் ஓடினார். அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறையோடு இளஞ்சிவப்புத் துண்டு ஒன்று இருந்தது. மனைவிக்கு அவள் தங்கை கொடுத்தது. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்து, விருந்தாளிகள் வந்தும் எடுக்காமல் காத்து வந்தது. மாஸ்டர் உறையைக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தாலும் அவள் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

முடிந்ததும் மேனேஜர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"மாஸ்டர், இன்னைக்குத்தான் கழுத்து கழுத்தா இருக்கு! மெஷின் சரியாயிடுச்சா?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நான் அப்பவே சொன்னேன் சார், மெஷின் நல்ல மெஷின். இவருக்குத்தான் ஓட்டத் தெரியல."

"அப்படியா? என்ன கம்பெனிம்மா? எங்க வீட்லயும் கேட்டுட்டு இருக்காங்க."

அவள் பெருமையோடு சொன்னாள். உண்மையைச் சொன்னால் மேனேஜர் போய்விடுவார். சொல்லாவிட்டால் மேனேஜர் மாட்டிக்கொள்வார். மாஸ்டர் சீப்பை ஊதித் துடைத்தார்.

திரையை விலக்கி வந்தவள் அப்போதுதான் நாற்காலியில் கிடந்ததைப் பார்த்தாள்.

"அது என் துண்டுதானே?"

"அவசரத்துக்கு..."

"சரி, கொடுங்க. நான் போட்டு எடுத்துக் காட்டறேன், எப்படி வருதுன்னு."

மெக்கானிக் மறுபடி வந்து தண்ணீரை வடித்துக் கதவைத் திறந்த பிறகு, அந்த ஒரு துண்டை அவளே போட்டாள். அவளே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டு பாடியதும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தாள். இளஞ்சிவப்பில் முடி நன்றாகத் தெரியும். இன்னொரு தடவை போட்டாள். மாஸ்டர் கடையில் வேலை இல்லாமலே கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அரை நாள் கழித்து அவள் வாசலில் வந்து நின்றாள். "தம்பிக்கு போன் போடுங்க."

"எதுக்கு?"

"அவன் அதுல கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டுக் கழுவுறானாம். கடை வாசல்ல நின்னு எல்லாருக்கும் காட்டுறானாம். மானம் போகுது. திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்க." வேறு காரணம் எதையும் அவள் சொல்லவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை.

பழசு பின்கட்டுக்குத் திரும்பியது, அதன்மேல் ஒரு போர்வை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் புதுசைத்தான் இன்றும் காட்டுகிறாள்.

அடுத்த தடவை மேனேஜர் வந்தபோது, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேனாவால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வீட்ல அந்த மெஷின் வாங்கினோம் மாஸ்டர். சட்டை பூரா சோப்பு அப்படியே நிக்குது. உடம்பெல்லாம் அரிக்குது. உங்க கடைல உக்காந்திருக்கும்போதுதான் நிம்மதி. உங்களுது மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுது?"

"பழகணும் சார்," என்றபடி மாஸ்டர் புதிதாகத் துவைத்த துண்டைக் கழுத்தில் சுற்றினார்.

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். "என்ன மாஸ்டர், கேரட் வாசம் அடிக்குது?"

"புது சோப்பு சார்," என்றார் மாஸ்டர். "தலையக் கொஞ்சம் குனிங்க."