அப்பாவின் குடையும் செய்மதியும்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் இருபுறமும் கண்ணாடி பதித்த மாடிகள் எழும்பியதிலிருந்து அப்பாவுக்கு அடையாளங்கள் குழம்பிவிட்டன. மாலை நடைக்குப் போனவர் ஒருநாள் வெகுதூரம் தள்ளிக் கிருலப்பனையில் போய் நின்றார். அவரைத் தொலைத்துவிடுவோம் என்ற பயத்தில், இருக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கருவியொன்றை வாங்கி அவருடைய சட்டைப்பையில் போட்டேன். என் போனில் அவர் ஒரு நீலப்புள்ளியாக நடந்தார்.

முதல் நாளே புள்ளி ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியது. கட்டியிருந்த சாரத்தோடு ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது. அப்பாவோ ஒழுங்கை நடுவில் நின்று யாரோடோ மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கால்கூட நனையவில்லை.

மேல்மாடியில் இருக்கும் நிலஅளவையாளப் பெண் நடந்ததைக் கேட்டுச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து காரணம் கேட்டேன். வானத்தில் சுற்றும் செய்மதியிலிருந்து நேரே வரும் சிக்னலோடு, கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்ததும் வந்து சேருமாம். தெறித்தது சுற்றி வருவதால் கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்தலைக் கருவி தூரமென்று எண்ணி ஆளை வேறெங்கோ கொண்டுபோய் வைத்துவிடும்.

"நெஞ்சில போட்டால் அங்கிள்ட உடம்பே பாதி வானத்தை மறைக்குது அண்ணை. நேர வாறது மறைஞ்சிடும், தெறிச்சு வாறதுதான் மிஞ்சும்."

தங்கள் வேலையில் அன்ரெனாவைக் கம்பத்தில் உயர்த்தி, நிலத்தில் பட்டுத் தெறிப்பது ஏறாதபடி அடியில் உலோகத் தட்டு வைப்பதாகவும் சொன்னார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் கருவியை நெஞ்சில் வைத்தும் முதுகில் வைத்தும் தலைக்குமேல் தூக்கியும் ஒழுங்கையில் நடந்தேன். நெஞ்சில் இருந்தால் புள்ளி தாவுகிறது, தலைக்குமேல் போனால் அடங்குகிறது. ஓட்டோக்காரர் ஒருவர், "அய்யே, சிக்னல் நெத்த?" என்று சிங்களத்தில், சிக்னல் இல்லையோ என்ற இரக்கத்தோடு விசாரித்தார். சிக்னல் இருக்கிறது, மூளைதான் இல்லை என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை.

அப்பாவின் தலைக்குமேல் எப்போதும் இருப்பது குடை. வெயிலோ மழையோ, விரிக்காமல் படி இறங்கமாட்டார். உச்சிக் கூருக்குப் பக்கத்தில் கருவியை டேப்பால் ஒட்டினேன். குடைக்கம்பிகள்தான் உலோகத் தட்டு என்று அவற்றுக்குப் பட்டமும் கொடுத்தேன்.

அன்று புள்ளி ஒழுங்கையை விட்டு விலகவேயில்லை. ஒழுங்கை முனையில், காலி வீதி என்ற பெருந்தெருச் சாப்பாட்டுக் கடை வாசலில் போய் நின்றது. ரசித்துப் பார்த்தேன். நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இருட்டத் தொடங்கியதும் ரசனை போய்விட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், தூறலில் நனைந்த குடை காய்வதற்காக விரித்தபடி வாசலில் இருக்கிறது. அப்பா இல்லை. பிளேன்டீ குடித்துவிட்டு எப்போதோ போய்விட்டாராம்.

ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடி, பொலிசுக்குப் போகத் திரும்பும்போது மனைவியின் அழைப்பு வந்தது. அப்பா வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க முன்னால் போய் நின்றேன். குடையை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"குடை துலையக்கூடாதெண்டுதானே அதை ஒட்டினனீ? அந்த நம்பிக்கையிலதான் விட்டிட்டு வந்தனான்."