துளையிட்ட பொற்காசு

மகள் போன பிறகு என் கணவரால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒன்பது வயதில் இரத்தப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. அவர் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கினார். லண்டனில் நாங்கள் இருந்த தோர்ண்டன் ஹீத்திலிருந்து ரயிலேறி, கென்ட் மாவட்டத்து வயல்களில் சொந்தக்காரரின் அனுமதியோடு நடந்து திரிவார். ஆணிகளும் பொத்தான்களும்தான் கிடைக்கும்.

இரண்டாம் வருடம் ஒருநாள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார்.

"இஞ்சாரும், கையை நீட்டும்."

என் உள்ளங்கையில் அவர் வைத்தது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பொற்காசு. ஒரு பக்கம் குழந்தை கிறுக்கியதுபோல ஒரு முகம். மறுபக்கம் சிலுவையும் எழுத்துகளும். விளிம்போரம் சிறு துளை.

நிலத்தில் கண்டெடுத்த பழம்பொருள்களைப் பதியும் பெண் அதிகாரியிடம் இருவருமாகப் போனோம். ரோம ஆட்சி சரிந்த பின் இன்றைய பிரான்சை ஆண்ட பிராங்கியரின் காசு அது என்றார். அவர்களுடைய காசுகள் பலவற்றில் அரசனின் பெயர் இராதாம். காசை அடித்தவனின் பெயரும் ஊரும்தான் இருக்குமாம். கடல் தாண்டி கென்ட்டுக்கு வந்த காசுகளில் சிலவற்றை இங்குள்ளவர்கள் துளையிட்டுக் கழுத்தில் அணிந்தார்கள்.

"ஆர் போடுறது?" என்று என் கணவர் என்னிடம் கேட்டார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பெண்கள், சிலவேளை சிறுமிகள் என்றார் அதிகாரி.

அறுவடை முடிந்ததும் காசு கிடைத்த இடத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். இவரையும் அழைத்திருந்தார்கள். கலப்பை கிளறிவிட்ட ஆழமற்ற புதைகுழிக்குள் கண்ணாடி மணிகளும் கொஞ்சம் எலும்பும் பற்களும் இருந்தன. பல்லைப் பார்த்து வயது சொன்னார்கள். எட்டு, அல்லது ஒன்பது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

"அது அந்தப் பிள்ளையின்ர. நான் எடுத்துப்போட்டன்."

"நீங்கள் எங்கை எடுத்தனீங்கள்? கலப்பையெல்லோ கிளறினது."

"எங்கட பிள்ளைக்கு ஸ்கானுக்குக் கழட்டின தோட்டைத் திருப்பிப் போடவே இல்லை. வெறுங்காதோட அனுப்பிப்போட்டம்."

அவள் போனபின் அவர் அவளைப் பற்றி வாய்திறந்தது அன்றுதான். எனக்கும் அந்தத் தோடு நினைவிருந்தது. சொன்னால் உடைந்துவிடுவார் என்று இத்தனை நாளும் நான் சொல்லவில்லை. இருவரும் குசினி மேசைக்கு முன்னால் அமர்ந்து அழுதோம்.

மறுநாள் அவர் அதிகாரிக்குப் போன் செய்தார். காசைத் திரும்பப் புதைக்க ஏலுமா என்று கேட்டார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த உழவிலேயே தொலைந்துபோகும் என்றார். எலும்பு, மணி, காசு எல்லாவற்றையும் சேர்த்தே பாதுகாக்கலாம் என்றார். இவரும் வயல்காரரும் தங்களுக்குரிய சன்மானம் எதுவும் வேண்டாமென்று காசை அவ்வூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கருவியை ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பழைய பொருள்களைத் தருமத்துக்காக விற்கும் கடையில் இவரே கொண்டுபோய் வைத்தார்.

காட்சிக்கு வைத்த அன்று என்னோடு வந்தார். ஆனால் வாசலைத் தாண்டாமல் படியிலேயே அமர்ந்துவிட்டார்.

"நீர் பாத்திட்டு வாரும். எனக்கு ஏலாது."

நான் மட்டும் உள்ளே போனேன். நீலமும் மஞ்சளுமாக மணிகள், நடுவில் அந்தக் காசு. பெயர் தெரியாத சிறுமி என்று எழுதியிருந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

வெளியே வந்து, "மணியளோடதான் வைச்சிருக்கினம்," என்றேன்.

"ஓம்," என்று எழும்பினார். ரயில் வரும்வரை என் கையை விடவில்லை.