பாதியில் நின்ற சவரம்

காலை ஆறு இருபதுக்குப் பெரியம்மாவின் போன் வந்தது. திகோமிர் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டாராம். கூடத்துக்குக் கேட்காமல் இருக்கச் சென்கா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, "சரி பெரியம்மா" என்றாள்.

கூடத்துக் கட்டிலில் அப்பா பொரிவொயே படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒன்பது வாரம். "மூணு மாசத்துக்கு அதிர்ச்சியே கூடாது. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இல்லாத வீடு. படிப்பைப் பாதியில் விட்டு வந்த பத்தொன்பது வயது சென்காதான் ராத்திரி மூன்று தரம் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு அடுத்த வீட்டு விதோசாவா பின்வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை. சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாட்டி சாவு நோட்டீஸ் சொல்லிடுமேடி. செத்தவரோட தம்பி வீட்டு வாசல்ல ஒட்டறவன் ஒட்டாம விடுவானா?"

"ஒட்டினான். கிழிச்சுட்டேன்."

"செத்தவன் நோட்டீஸையா? பாவம்டி!"

"பாவம் பாத்தா அப்பாவை யாரு பாக்குறது?"

விதோசாவா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சவர நேரம் வந்தது. ஒருநாள் விட்டாலும் அப்பா ஏனென்று கேட்பார். சவரமே கூடாத துக்கக்காரர் முகத்தில் கத்தி வைக்கிறோம் என்று தெரிந்தேதான் அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்த்தி நுரை பூசினாள். அவசரமாகக் கத்தியை இழுத்தாள்.

"மெதுவா... ஆட்டுக்கு... மயிர் வெட்டறியா?" என்றார். இப்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லும் ஏணியில் ஏறித்தான் வரும்.

"ஆடு இவ்வளவு பேசாதுப்பா."

வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்துக்காக அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கத்தியை வைக்கப்போகும்போது நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும்."

"இன்னும் பாதி இருக்குப்பா."

"அண்ணன்... அங்க இருக்கான்."

எதிர்ச்சாரி மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸில், கறுப்புக் கட்டத்துக்குள் திகோமிர் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் கிழித்தபோது சென்கா வாசலைப் பார்த்தாளே தவிரத் தெருவைப் பார்த்திருக்கவில்லை.

கத்தி கீழே விழுந்தது. அவள் அப்பாவின் வாயையே பார்த்தாள், கோணுகிறதா என்று. எண்ணிக்கொண்டே நின்றாள்; நூறு தாண்டியது. வாய் கோணவில்லை. கண்ணீர் மட்டும் நுரையில் இறங்கியது.

"நாப்பது நாளைக்கு... கத்தி வேண்டாம். எப்ப... அடக்கம்?"

"நாளைக்கு ஒரு மணிக்கு."

"என்னைக் கூட்டிட்டுப் போ. இப்ப... நீ தூங்கு. நான்... சாக மாட்டேன்."

மறுநாள் சக்கர நாற்காலியில் கல்லறைக்குப் போனபோது அப்பாவின் ஒரு கன்னம் மழமழவென்றிருந்தது. இடது கன்னத்தில் இரண்டு நாள் முடி இருந்தது.