சோங்வூ கோட்டையில் சாதிக் பாய் நின்ற இடம்

சனிக்கிழமை காலை தேனாம்பேட்டை சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது நஸ்ரீன் அழைத்தாள். "ஆன்ட்டி, அத்தா போய்ட்டாங்க. ஃபஜ்ர் தொழுதுட்டுப் படுத்தவங்க எழுந்துக்கல." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சைதாப்பேட்டைக்கு வேறு பேருந்து பிடித்தேன்.

அவளுடைய தந்தை முகமது சாதிக் அவர்களை அலுவலகத்தில் சாதிக் பாய் என்போம். கிரானைட் அறுத்து விற்கும் எங்கள் நிறுவனத்தில் இயந்திரங்கள் வாங்கும் பொறுப்பு அவருடையது. கடிதப் போக்குவரத்து என்னுடையது. பதினாறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை. அவருக்குக் கோபம் சட்டென்று வரும், ஒரு டீ குடிப்பதற்குள் போய்விடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இயந்திரங்கள் பார்த்துவர முதலாளி எங்கள் இருவரையும் சீனாவின் ஃபூஜியானுக்கு அனுப்பினார். வேலை முடிந்து ஒரு பகல் மிச்சமிருந்தது. கடலோரத்தில் சோங்வூ என்ற பழைய கோட்டை ஊருக்குப் போனோம். கடற்கொள்ளையரைத் தடுக்க எழுப்பிய கல்மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சந்துகளில் மீன் காய்ந்தது, வாசல்களில் துணி தொங்கியது.

"இன்னா மேடம், கோட்டைன்னாங்க. நம்ம சைதாப்பேட்ட மார்க்கெட்டச் சுத்தி சுவரு வெச்சா மாதிரி கீது" என்று சிரித்தார்.

சற்றுத் தள்ளி ஒரு பட்டறையில், பூப்போட்ட துணியால் தலையையும் கன்னத்தையும் மூடிய பெண்மணி ஒருவர் கல் அறுத்துக்கொண்டிருந்தார். சாதிக் பாய் அங்கேயே நின்றுவிட்டார். அறுபடும் இடத்தில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தூசியே இல்லை. எத்தனை வருடமாக இந்த வேலை என்று கைப்பேசி மொழிபெயர்ப்பில் கேட்டார். இருபத்தேழு என்றார் அந்தப் பெண்மணி. இருமல் உண்டா? இல்லை என்று கையசைத்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தார்.

மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் சாதிக் பாய் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கல் அறுத்தவர். தூசி நுரையீரலில் படிந்து நாற்பது வயதுக்குள் இறந்துபோனவர். அத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தெரியாது.

"வெறும் தண்ணி மேடம். அதான் வோணும்."

சென்னை திரும்பியபோது முதலாளி தண்ணீர் இல்லாத, வேகமான இயந்திரங்களை முடிவு செய்திருந்தார். "தண்ணி விட்டா பட்டறை முழுக்க சேறாயிடும் பாய். வேலையும் லேட்டாகும்" என்றார்.

"சேத்தக் கழுவிக்கலாம் சார். நெஞ்சுக்குள்ள போறத இன்னா பண்றது? நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

அப்போது நஸ்ரீனின் திருமணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்த அறையில் அதுவரை வாயே திறக்காத நான், "அந்த ஆர்டர் கடிதத்த நானும் எழுத மாட்டேன் சார்" என்றேன்.

மறுநாள் முதலாளி தாமே பட்டறைக்குப் போய் அரைநாள் நின்றார். இருமிக்கொண்டே திரும்பி வந்தவர், "பாய் கேட்டதையே எழுதுங்கம்மா" என்றார்.

நேற்று மாலை ஜனாஸா புறப்பட்டபோது பட்டறையிலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள். முறை வைத்துத் தோள் கொடுத்தார்கள். நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். மேடான பாதையில் வேகமாக ஏறினார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

நிம்மதியாக உறங்குங்கள், சாதிக் பாய். திங்கட்கிழமை அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போவார்கள்.