மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்த ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணை அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளவத்தை வீட்டுக்குள் வந்தபோது குடையை மடிக்கக்கூட இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, தேத்தண்ணி போடு. மாப்பிள்ளையை அலசிக் காயப்போட்டிட்டு வந்திருக்கிறன்."

யப்பான்காரனோடு யுத்தம் நடந்த காலம். கொழும்பில் குண்டு விழுந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஊருக்குப் போகாமல் நாங்கள் நின்றதற்குக் காரணம் மகளின் வேலை. அவள் கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். தினமும் போகும் ரயிலில் ஓர் இளைஞனைச் சந்தித்து, அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். துறைமுகத்தில் கிளாக்கர், கொட்டாஞ்சேனையில் வேறு இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார் என்றாள். இரண்டு முறை வீட்டுக்கும் வந்தார். குனிந்த தலை நிமிராமல் தோசை சாப்பிட்டார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பெண் கொடுக்குமுன் பெடியனைப் பற்றி விசாரிப்பது எங்களுடைய வழமை. அவன் வேலை செய்கிற இடம், சாப்பிடுகிற கடை, தலைமயிர் வெட்டுகிற இடம் எல்லாம் போய், வேறு எதற்கோ வந்தவர்போல் நின்று கதை கேட்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் அதைச் செய்ய வேண்டும். அண்ணைக்கு அதில் பெரிய கெட்டித்தனம் என்று சொந்தத்துக்குள் பெயர்.

"குடி இல்லை. சுருட்டு இல்லை. பல்லெல்லாம் சொந்தப் பல்லு," என்றார் அண்ணை. "ஆனா ஒண்டு. துறைமுகக் கந்தோரிலை அப்பிடி ஒரு கிளாக்கரே இல்லை! மூண்டு பேரிட்டைக் கேட்டுப் பாத்திட்டன். பேரும் பொய், வேலையும் பொய்."

அறைக்குள் தலை சீவிக்கொண்டிருந்த மகள் சீப்போடு வெளியே வந்தாள்.

"மாமா, இதை ஆரிட்டையும் சொன்னனீங்களோ?"

"சொல்லாமல்? அவனோடை ஒரே அறையிலை இருக்கிற பெடியங்களைச் சாப்பாட்டுக் கடையிலை கண்டனான். 'தம்பியவை, உங்களோடை இருக்கிறவன் தான் சொல்லுற ஆள் இல்லை, கவனம்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். நல்ல பெடியங்கள். தேத்தண்ணிக் காசையும் அவங்களே குடுத்தாங்கள்."

மகள் சீப்பை மேசையில் எறிந்துவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

"அம்மா, அவர் இரகசியப் பொலிஸ். அந்த இரண்டு பேரையும் பாக்கத்தான் அங்கை இருக்கிறவர். அவங்கள் யப்பான்காரனுக்காகக் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளை எரிக்கப் போறாங்கள். அவர் எனக்கு மட்டுந்தான் சொன்னவர். சொல்லக் கூடாது, ஆனாப் பொய் சொல்லிக் கட்ட மாட்டன் எண்டவர். சொந்தப் பேரை மட்டும் பிறகு சொல்லுறன் எண்டவர்."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

நானும் மகளும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். கடலோரமாகப் போகும் அந்த ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. மகள் என் கையைப் பிடித்தபடி, "இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பினம், என்னம்மா? கேள்விதான் கேப்பினம்?" என்று கேட்டாள். ஓம், ஓம் என்றேன். கோட்டையில் இறங்கி றிக்‌ஷா பிடித்தோம்.

கொட்டாஞ்சேனையில் அந்த அறையை வாடகைக்குக் கொடுத்த முஸ்லிம் கிழவர் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் மூணு பேரும் முகத்துவாரத்துக் கடலுக்குக் குளிக்கப் போனாங்க, தங்கச்சி. கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அவரக் கூட்டிட்டுப் போனாங்க. சவுக்காரமும் துவாயும் எடுத்துக்கிட்டுப் போனாரு. நல்ல சிநேகம்!"

வழியில் பொலிஸ் ஸ்டேஷன் இருந்தது. உள்ளே ஓடினேன். அவர் யார் என்று சொல்ல வாய் வரவில்லை; சொன்னால் அது யார் காதுக்குப் போகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் அவர் வெறும் ஓர் இளைஞன், சிநேகிதர்களோடு குளிக்கப் போனவர். காவலில் நின்றவன் சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "பகல் வெளிச்சத்திலை குளிக்கப் போனவனுக்கு என்ன அம்மே? பொழுதுபட்டும் வராட்டி வந்து சொல்லுங்கோ," என்றான். மகள் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கடற்கரையில் ஒருவரும் இல்லை. ஒரு பாறைமேல் துவாய் மடித்து வைத்திருந்தது. அதன்மேல் சவுக்காரம். மகள் அதை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அது நனையவே இல்லை. அவள் கடலைப் பார்த்து அந்தப் பொய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயர்தான் எங்களுக்குத் தெரியும். குரல் கம்மிப்போகும்வரை கூப்பிட்டாள். நான் அவளுடைய இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். விட்டால் தண்ணீருக்குள் போய்விடுவாள் என்று பயம்.

மறுநாள் உடல் கரையொதுங்கியது. பேப்பரில் குளிக்கப் போனவர் மூழ்கினார் என்று இரண்டு வரி வந்தது.

அதன் பிறகு வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல தமிழ் பேசினார். அந்த இரண்டு பேரும் இன்னும் அகப்படவில்லை, அதனால் சவ அடக்கத்துக்கு வரவேண்டாம், வீட்டில் துக்கம் காட்டவேண்டாம், பிள்ளை வழக்கம்போல வேலைக்குப் போகட்டும் என்றார். மகள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை மூலையில் இருந்தார், குடை மடியில்.

அதிகாரி எழும்பினார். எனக்கு அடக்க முடியவில்லை.

"ஐயா, அவருக்கு எந்த ஊர்? தாய் தகப்பன் இருக்கினமோ?"

மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் கேட்கிற கேள்வி அது. அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை மட்டும் விசாரிக்க வேண்டாம், அம்மா," என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்தார்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு பேர் பிடிபட்டார்களா என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மகள் அதே ரயிலில் போய் வருகிறாள். அவள் திரும்பி வரப் பிந்தினால் நான் ஸ்டேஷன்வரை போய் நிற்பேன். எங்கேயோ ஓர் ஊரில் அவரைப் பெற்றவள் இருப்பாள். அவளுக்கு என்ன சொன்னார்களோ. கடைசியில் ஒரு பெண் அவரைக் கரையில் நின்று கூப்பிட்டாள் என்பதையாவது அவளிடம் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்டு, எங்கே போய்ச் சொல்ல?